மசாமா மலை எங்கே போனது?

கேள்வி: "அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிரேட்டர் லேக் ஏரியைப் பார்த்துவிட்டு வந்தோம். முன்பு அந்த இடத்தில் 12,000 அடி உயரத்தில் மசாமா என்ற எரிமலை இருந்தது, அது வெடித்துச் சிதறியதால் ஏரி வந்தது என்றார்கள். அவ்வளவு பெரிய மலையின் துண்டுகள் எங்கே போய் விழுந்தன? சுற்றிலும் அப்படி எதுவும் கண்ணில் படவில்லையே? மறுபடியும் வெடிக்குமா? நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிமிர்ந்தபடி மிதக்கும் மரக்கட்டை ஒன்று அங்கே இருப்பதாகப் படகில் வந்த வழிகாட்டி சொன்னார். அது உண்மையா, சுற்றுலாக் கதையா?"

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. துண்டுகள் கண்ணில் படவில்லை என்றால் அவை அங்கே இல்லை. 'வெடித்துச் சிதறியது' என்று எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். கேட்கவும் விறுவிறுப்பாக இருக்கிறது. உண்மையில் அந்த மலையின் பெரும்பகுதி, நீங்கள் படகில் போனபோது உங்களுக்குக் கீழே, தண்ணீருக்கும் கீழே கிடந்தது. அடியில் தாங்கிக்கொண்டிருந்த பாறைக்குழம்பு வெளியேறியதும் மேலே இருந்த மலை உள்ளே இறங்கிவிட்டது. தூண் சாய்ந்ததும் கூரை வீட்டுக்குள் விழுவதைப் போலத்தான்.

உங்கள் கேள்வியை முதலில் முறையாகக் கேட்டவர்களில் ஒருவர், அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜோசப் டில்லர். 1902-இல் வெளியான அவருடைய அறிக்கையில் வாதம் மிக எளிமையாக இருக்கிறது. மலையே சிதறியிருந்தால் அந்த மலையை உருவாக்கிய பழைய கெட்டிப் பாறைகளின் உடைசல்கள் ஏரியைச் சுற்றி மலை மலையாகக் குவிந்திருக்க வேண்டும். போய்ப் பார்த்தால் கிடப்பது பெரும்பாலும் நுரைக்கல்லும் சாம்பலும். அதாவது அன்றைக்குப் புதிதாக உள்ளிருந்து வந்த பொருள். பழைய பாறையின் துண்டுகளும் கலந்திருக்கின்றன. ஆனால் காணாமல் போன மலையின் அளவோடு ஒப்பிட்டால் அது கொஞ்சம்தான். வெளியே இல்லை என்றால் உள்ளேதான் போயிருக்க வேண்டும். 1942-இல் ஹோவெல் வில்லியம்ஸ் என்ற நிலவியலாளர் மலை முழுவதையும் வரைபடமாக்கி, வெளியே கிடப்பதன் கன அளவையும் மறைந்ததன் கன அளவையும் கணக்குப் போட்டு அதையே உறுதிப்படுத்தினார். இன்றைக்கு உலகம் முழுவதும் இப்படிப்பட்ட பள்ளங்களைப் புரிந்துகொள்ள உதவும் பாடம் பெருமளவு இந்த ஏரிக்கரையில் எழுதப்பட்டதுதான்.

ஏரியின் பெயரே குழப்பத்துக்குப் பாதிக் காரணம். கிரேட்டர் என்றால் எரிமலைவாய்: குழம்பும் சாம்பலும் வெளியே வரும் துளை, அதைச் சுற்றிய குழி. அது பொதுவாகச் சில நூறு மீட்டர் அகலம், பெரியது என்றால் ஒரு கிலோமீட்டர் இருக்கும். ஓரிகன் ஏரி கிடக்கும் பள்ளமோ கிட்டத்தட்ட 8 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர். மலை உள்ளே இறங்கியதால் உண்டாகும் இப்படிப்பட்ட பெரும்பள்ளத்துக்கு நிலவியலில் கால்டெரா என்று பெயர். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கொப்பரை, அண்டா என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல் நிலவியலுக்குள் வரக் காரணமான கேனரி தீவுகளின் தாபுரியெந்தே பள்ளம், இன்றைய பொருளில் கால்டெராவே இல்லை. அது பெரும்பாலும் நிலச்சரிவும் நீர் அரிப்பும் குடைந்த பள்ளம். பெயர் வைத்த குழந்தை ஒன்று, வளர்ந்த பிள்ளை வேறு. கிரேட்டர் லேக் என்ற பெயரும் அப்படித்தான். 1853-இல் தங்கம் தேடி வந்த கூட்டத்தில் ஒருவர் அதைப் பார்த்து 'ஆழ்நீல ஏரி' என்றார். அந்தப் பெயரே நிலைத்திருந்தால் தவறில்லாமல் இருந்திருக்கும். 1869-இல் வந்த இன்னொரு குழு 'கிரேட்டர்' என்று எழுதிவிட்டது.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இதை மகாராஷ்டிரத்து லோணார் ஏரியோடும் ஒப்பிடுவார்கள். அது விண்கல் விழுந்து உண்டான குழி; எரிமலைப் பாறையில் இருக்கிறது என்பதைத் தவிர இதோடு உறவில்லை. உண்மையான உறவினர் சுமத்ராவின் தோபா ஏரி. அதுவும் கால்டெரா, இதைவிடப் பல மடங்கு பெரியது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் அது கக்கிய சாம்பல் ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில் இன்றும் வெண்ணிற அடுக்காகத் தெரிகிறது.

இனி மசாமாவுக்கு வருவோம். பசிபிக் கடலடியில் உள்ள சிறு புவித்தட்டு ஒன்று வட அமெரிக்கத் தட்டுக்குக் கீழே நுழைகிறது. நுழையும் தட்டிலிருந்து கசியும் நீர், ஆழத்தில் உள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைத்து அதை உருக வைக்கிறது. கனடா எல்லை தாண்டி வடக்கிலிருந்து கலிபோர்னியா வரை வரிசையாக நிற்கும் காஸ்கேடு எரிமலைகள் எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம். மசாமா அந்த வரிசையில் ஒன்று. படத்தில் வரைவதைப் போன்ற ஒற்றைக் கூம்பாக அதைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். சுமார் 4 லட்சம் ஆண்டுகளாக ஒன்றன் தோளில் ஒன்றாக முளைத்த பல எரிமலைகளின் குவியல் அது. கிழக்கே நிற்கும் ஸ்காட் மலை அதில் பழைய உறுப்பு. 2,721 மீட்டர் உயரத்தில் இன்று பூங்காவிலேயே உயரமான இடம் அதுதான். ஏரியின் தெற்குப் பக்கம் பாய்மரக் கப்பல் போல நீட்டிக்கொண்டிருக்கும் பாறைத்தீவைப் படகிலிருந்து பார்த்திருப்பீர்கள். ஃபேன்டம் ஷிப் என்று பெயர். சுமார் 4 லட்சம் ஆண்டு வயதுள்ள பாறை அது, பள்ளத்துக்குள் வெளியே தெரியும் பாறைகளில் மிகப் பழையது.

மலையின் உயரம் 12,000 அடி என்று யார் அளந்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்கலாம். விளிம்பில் மிச்சமிருக்கும் சரிவுகளை மேல்நோக்கி நீட்டிப் பார்த்துப் போட்ட மதிப்பீடு அது. இன்னொரு சாட்சியும் உண்டு. தெற்கு விளிம்பில் சன் நாட்ச், கெர் நாட்ச் என்று இரண்டு வளைந்த இறக்கங்கள் இருக்கின்றன. வானத்துக்கு எதிரே பார்த்தால் சீராகக் கடைந்த தொட்டிலைப் போல இருக்கும். அந்த வடிவத்தைப் பனியாறு மட்டும்தான் குடையும். பனியாறு மேலேயிருந்து கீழே வர வேண்டும். ஆனால் அந்தப் பள்ளத்தாக்குகளின் மேல்முனையில் இன்று மலை இல்லை, வெறும் காற்று. அதற்கு அப்பால் ஏரி. தலை வெட்டப்பட்ட பள்ளத்தாக்குகள் அவை. நான் பல ஆண்டுகள் நிலவியல் கற்பித்தவன். கரும்பலகையில் அதை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். சன் நாட்சில் போய் நின்ற அன்றுதான், மேலே எவ்வளவு மலை இல்லாமல் இருக்கிறது என்பது உறைத்தது.

அந்த மலைக்கு அடியில், சில கிலோமீட்டர் ஆழத்தில், பாறைக்குழம்பின் பெரிய தேக்கம் ஒன்று பல ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டிருந்தது. மேற்பகுதியில் சிலிக்கா மிகுந்த, பிசுபிசுப்பான, வாயு கரைந்திருக்கும் ரயோடசைட் குழம்பு. அடியில் அதைவிடக் கனமான, கருமையான குழம்பு. கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு அடைத்திருக்கும்வரை வாயு தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்திருக்கும். அழுத்தம் விட்டதும் நுரைத்துக்கொண்டு எழும். மசாமாவில் முதலில் குண்டு லேசாகத்தான் அசைந்தது. பெருவெடிப்புக்கு ஓரிரு நூற்றாண்டுகளுக்கு முன் வடமேற்கில் ஒரு வாய் திறந்து, முதலில் சாம்பலையும் பிறகு கெட்டியான லாவாவையும் தள்ளியது. ஏரிக்கு மேலே கழுகு சிறகு விரித்ததைப் போல நிற்கும் லாவ் பாறை அதுதான். நடுவில் அதன் தடிமன் சுமார் 1,200 அடி.

பிறகு வந்தது க்ளீட்வுட் லாவா. இந்த ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பானைச் சோற்றுக்கு இது ஒன்றே பதம். வடக்கு விளிம்பில், நீங்கள் படகுக்கு இறங்கிய க்ளீட்வுட் பாதையை ஒட்டியே அது கிடக்கிறது. பெருவெடிப்புக்கு வெறும் வாரங்களோ மாதங்களோ முன்பு மலைச்சரிவில் வழிந்த லாவா. வெடிப்பு தொடங்கி நுரைக்கல் மழையாகப் பொழிந்தபோது அது இன்னும் ஆறவில்லை. அதன்மேல் விழுந்த நுரைக்கல்லின் அடிப்பகுதி, கீழேயிருந்து வந்த சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அந்த அடுக்கு இளஞ்சிவப்பாக இருக்கிறது. அதே நுரைக்கல் மற்ற இடங்களில் வெளிறிய சாம்பல் மஞ்சளாக, கையில் எடுத்தால் உதிரும் நிலையில் இருக்கிறது. சூளையில் அடியில் வைத்த செங்கல்லுக்கும் வெளியே காயப்போட்ட கல்லுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அதோடு முடியவில்லை. ஏரியிலிருந்து அந்தச் சுவரைப் பார்த்தால், லாவாவின் ஒரு நாக்கு விளிம்பைத் தாண்டி உள்பக்கமாக, ஏரியை நோக்கி வழிந்து உறைந்திருக்கிறது. லாவா மலையின் வெளிச்சரிவில் வெளிப்பக்கமாகப் பாய்ந்தது. அப்படியிருக்க எப்படி உள்பக்கம் திரும்பியது? அது பாயும்போது உள்பக்கம் என்று ஒன்று இல்லை. அங்கே மலை இருந்தது. மலை இறங்கிச் சுவர் பிளந்தபோது, மேலே ஓடு கட்டி உள்ளே இன்னும் இளகலாக இருந்த லாவா, புதிதாகத் திறந்த பள்ளத்துக்குள் பின்வாங்கி வழிந்துவிட்டது. மலை இடிந்து விழுந்தது மெல்ல மெல்ல ஆயிரம் ஆண்டுகளில் நடந்ததில்லை, லாவா ஆறுவதற்குள் நடந்து முடிந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா?

பெருவெடிப்பு நடந்தது சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன். அது இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் மலையின் வடகிழக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வாய். அதிலிருந்து நுரைக்கல்லும் சாம்பலும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூணாக எழுந்தன. காற்று அதைக் கிழக்கிலும் வடக்கிலும் கொண்டுபோனது. இன்றைய அமெரிக்காவின் 8 மாநிலங்களிலும் கனடாவின் 3 மாகாணங்களிலும் அந்தச் சாம்பல் அடுக்கு கிடைக்கிறது. கிரீன்லாந்தின் பனிக்கட்டித் துளையிடலில்கூட அதன் துகள்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். வாய் அகன்றதும் அந்தத் தூணால் நிற்க முடியவில்லை. சரிந்து, நெருப்புச் சாம்பல் வெள்ளமாக வடசரிவில் ஓடியது.

இந்த நேரத்தில் அடியில் இருந்த தேக்கத்தின் கூரைக்குத் தாங்கல் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் கூரை வட்டமாக விரிசல்விட்டு ஒரு மூடியைப் போல உள்ளே இறங்கத் தொடங்கியது. இங்கேதான் இரண்டாம் கட்டம். இறங்கும் மூடி, அடியில் மிச்சமிருந்த குழம்பை அழுத்தி, சுற்றுவிரிசல் முழுவதிலிருந்தும் பீய்ச்சியடித்தது. ஆக, வெடிப்பு மலையை இடித்தது, இடிந்த மலை வெடிப்பை இன்னும் பெரிதாக்கியது. எல்லாத் திசையிலும் பாய்ந்த அந்தச் சாம்பல் வெள்ளம் சில பள்ளத்தாக்குகளில் 60 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியிருக்கிறது. மொத்தம் வெளியேறியது சுமார் 50 கன கிலோமீட்டர் பாறைக்குழம்பு. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ கக்கியதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. அதிகம் போனால் சில நாட்கள் நடந்திருக்கும். நீங்கள் வடக்கு வாசல் வழியாக வந்திருந்தால் மரமே இல்லாத ஒரு பரந்த வெளியைக் கடந்திருப்பீர்கள். பள்ளத்தாக்கையே அந்தச் சாம்பலும் நுரைக்கல்லும் நிரப்பிய இடம் அது. இத்தனை ஆயிரம் ஆண்டுகளாகியும் மண் சரியாகக் கட்டவில்லை, தண்ணீர் நிற்பதில்லை. ஆங்காங்கே சில புற்களும் செடிகளும்தான்.

அந்த வெள்ளத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் தென்கிழக்கே பினக்கிள்ஸ் என்ற இடத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலோர் ஏரியை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய மனக்குறை. ஓடைப் பள்ளத்தாக்கின் சுவரில் 100 அடி உயரம் வரை கூர்கூராகத் தூண்கள் நிற்கின்றன. சாம்பல் படிந்து இன்னும் கொதித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே மாட்டிக்கொண்ட வாயு மேலே போக வழி தேடிச் சின்னச் சின்னக் குழாய்களாகத் துளைத்தது. அந்தக் குழாய்களைச் சுற்றியிருந்த சாம்பல் மட்டும் வாயு கொண்டுவந்த கனிமங்களால் இறுகிக் கல்லாயிற்று. பிறகு ஓடை வந்து இளக்கமான சாம்பலையெல்லாம் அரித்துக்கொண்டு போனதும் குழாய்கள் மட்டும் மிஞ்சின. சிலவற்றின் உச்சியில் துளை இன்னும் தெரியும்.

அந்தத் தூண்களின் நிறத்தையும் பாருங்கள். அடியில் வெளிர் மஞ்சள், மேலே கருஞ்சாம்பல். முன்பு சொன்ன தேக்கத்தில் வெளிறிய குழம்பு மேலே, கருங்குழம்பு கீழே இருந்தது அல்லவா? முதலில் வெளியே வந்தது மேலே இருந்த வெளிறியது. அது தரையில் முதலில் படிந்தது. கடைசியில் வந்த அடிக்குழம்பு அதன் மேலே படிந்தது. அண்டாவைக் கவிழ்த்துக் கொட்டியதைப் போல, பூமிக்கடியில் இருந்த அடுக்கு தலைகீழாக அந்தச் சுவரில் நிற்கிறது.

சரி, விழுந்த மலை எவ்வளவு ஆழம் விழுந்தது? விளிம்பில் உயரமான ஹில்மன் சிகரம் 2,484 மீட்டர். அதுவும் பாதியாகப் பிளந்த ஒரு பழைய எரிமலைதான். ஏரியின் நீர்மட்டம் 1,883 மீட்டர். அதிலிருந்து அடிவரை 592 மீட்டர். ஆக, சிகரத்திலிருந்து ஏரியின் அடிக்கு கிட்டத்தட்ட 1,200 மீட்டர். அதற்கும் கீழே உடைந்த மலைத்துண்டுகள், வெடிப்பின்போதே உள்ளே விழுந்து நிரம்பிய சாம்பல், சுவர்களிலிருந்து சரிந்த பாறை எல்லாம் கிடக்கின்றன. முதலில் இறங்கிய வட்டம் இன்றைய பள்ளத்தைவிடச் சிறியது. செங்குத்தாக நின்ற சுவர்கள் தாங்காமல் சரிந்து சரிந்துதான் பள்ளம் இவ்வளவு அகன்றது. கரை பிறை பிறையாகக் கடித்து வைத்ததைப் போல இருப்பது அதனால்தான்.

இதையெல்லாம் பார்த்த மனிதர்கள் இருந்தார்கள். வடகிழக்கே உள்ள ஃபோர்ட் ராக் குகையில் 1938-இல் லூதர் கிரெஸ்மன் என்ற மானிடவியலாளர் தோண்டியபோது, மசாமாவின் சாம்பல் அடுக்குக்குக் கீழே, செடிப்பட்டையில் முடைந்த செருப்புகள் டஜன் கணக்கில் கிடைத்தன. அவற்றின் வயது 9,000 ஆண்டுகளுக்கு மேல். அதாவது மலை விழுவதற்கு முன்பே அந்த நிலத்தில் செருப்புப் போட்டு நடந்த மக்கள் இருந்தார்கள். அங்கே வாழும் கிளாமத் மக்கள் ஏரியை கீவாஸ் என்கிறார்கள். அவர்களுக்கு அது புனித இடம். அவர்களுடைய பழங்கதையில், கீழுலகத்துத் தலைவன் லாவ் இந்த மலையில் இருந்தான்; மேலுலகத்துத் தலைவன் ஸ்கெல் தெற்கே சாஸ்தா மலையில் நின்றான். இருவரும் நெருப்பையும் பாறையையும் எறிந்து சண்டையிட்டார்கள். கடைசியில் லாவ் மலைக்குள் துரத்தப்பட்டான், மலை அவன்மேல் இடிந்து விழுந்தது, பள்ளத்தில் நீர் நிரம்பியது. 'இடிந்து விழுந்தது' என்பதைக் கவனித்தீர்களா? நிலவியலாளர்கள் வாதம் செய்து வந்து சேர்ந்த முடிவு அந்தக் கதையில் ஏற்கெனவே இருக்கிறது.

பள்ளத்தில் நீர் நிரம்பச் சுமார் 750 ஆண்டுகள் போதுமானதாக இருந்தன. ஏரிக்குள் எந்த ஆறும் வருவதில்லை, எந்த ஆறும் வெளியே போவதுமில்லை. பனியும் மழையும்தான் வரவு. அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 40 அடிக்கு மேல் பனி விழுகிறது. ஆவியாதலும் கசிவும் செலவு. வடக்குச் சுவரில் நீர் ஊடுருவும் ஓர் அடுக்கு வரை மட்டம் ஏறி, அங்கே வரவும் செலவும் சமமாகி நின்றுவிட்டது. அதன் பிறகு சில மீட்டர் ஏறி இறங்குவதோடு சரி. மண்ணையும் சேற்றையும் கொண்டுவர ஆறு இல்லாததால்தான் அந்த நீலம். வெள்ளைத் தட்டை நூலில் கட்டி இறக்கித் தெளிவை அளப்பார்கள்; 40 மீட்டருக்கும் கீழே அந்தத் தட்டு கண்ணுக்குத் தெரிந்த நாட்கள் உண்டு.

ஆழத்தை முதலில் அளந்த கதையும் சொல்லத்தக்கது. 1886-இல் கிளாரன்ஸ் டட்டன் என்ற ராணுவ அதிகாரி, நிலவியலாளரும்கூட, க்ளீட்வுட் என்ற படகை மலைமேல் ஏற்றி, செங்குத்துச் சுவர் வழியாக ஏரியில் இறக்கினார். பியானோக் கம்பியில் ஈயக்குண்டு கட்டி 168 இடங்களில் ஆழம் பார்த்தார்கள். கிடைத்த அதிகபட்ச ஆழம் 1,996 அடி. பின்னாளில் ஒலியலைக் கருவி சொன்னது 1,943 அடி. கம்பியையும் கைவிரலையும் நம்பி அளந்தவர்கள் வெறும் 53 அடிதான் தவறியிருக்கிறார்கள். அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி இது.

அந்தப் பயணத்தில் உடன் இருந்த வில்லியம் கிளாட்ஸ்டன் ஸ்டீல் என்பவர்தான் ஏரியைப் பாதுகாக்க 17 ஆண்டுகள் அலைந்தவர். பள்ளிச் சிறுவனாக இருந்தபோது மதிய உணவு சுற்றிவந்த செய்தித்தாளில் இந்த ஏரியைப் பற்றிப் படித்தாராம். 1902 மே 22-இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட, அது தேசியப் பூங்கா ஆனது. ஆனால் அதே ஸ்டீல்தான் 1888-இல், மீனே இல்லாத அந்த ஏரியில் மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டவர். மீனுக்குத் தீனியாக 1915-இல் நன்னீர் நண்டு போன்ற கிரேஃபிஷ்களையும் விட்டார்கள். அவை இன்று கரையோரம் முழுவதும் பெருகி, இந்த ஏரியில் மட்டும் வாழும் மசாமா நியூட் என்ற, பார்க்கப் பல்லி போலவும் பிறப்பால் தவளைக்கு உறவாகவும் உள்ள சிறு உயிரினத்தை அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டன. பாறையையும் கரையையும் காப்பாற்றியவர்கள் தண்ணீருக்குள் கைவைக்காமல் இருந்திருக்கலாம்.

இனி, மறுபடியும் வெடிக்குமா என்பது. மலை விழுந்ததோடு எரிமலை ஓய்ந்துவிடவில்லை. பள்ளத்துக்குள்ளேயே புதிய வாய்கள் திறந்தன. நீங்கள் பார்த்த விசார்டு தீவு அப்படி வந்ததுதான். நீருக்கு மேலே தெரியும் 230 மீட்டர் கூம்பு அதன் நுனி, பெரும்பகுதி தண்ணீருக்குள் இருக்கிறது. சாலையிலிருந்து பார்த்துவிட்டு 'இந்தத் தீவின் உச்சியில் இருக்கும் குழிதான் கிரேட்டர்' என்று யாராவது சொன்னால் அவர் சொல்வது சரி. ஏரியின் பெயருக்கு ஏற்ற கிரேட்டர் அங்கே அது ஒன்றுதான். கடைசி வெடிப்பு சுமார் 4,800 ஆண்டுகளுக்கு முன் நீருக்கடியில் ஒரு சிறு மேடாக முடிந்தது. அதன் பிறகு அமைதி. ஆனாலும் உள்ளே சூடு போகவில்லை. 1980-களின் இறுதியில் ஒருவர் மட்டும் உட்காரும் டீப் ரோவர் என்ற நீர்மூழ்கியில் இறங்கியவர்கள், அடியில் வெதுவெதுப்பான நீர் கசியும் இடங்களையும் அவற்றைச் சுற்றி மெத்தையாக வளர்ந்த பாக்டீரியாக்களையும் கண்டார்கள்.

7,700 ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் போன்ற ஒன்று நம் காலத்தில் வர வாய்ப்பு இருப்பதாக நிலவியலாளர்கள் கருதவில்லை. அவ்வளவு குழம்பு சேர மிக நீண்ட காலம் வேண்டும். சிறிய வெடிப்பு என்றாவது ஒருநாள் வரலாம். அது ஏரிக்கு உள்ளேயே வந்தால், குழம்பும் தண்ணீரும் சேரும் இடத்தில் நீராவி வெடிப்பாக மாறும் என்பதுதான் அவர்கள் கவலைப்படும் விஷயம். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் காஸ்கேடு எரிமலைக் கண்காணிப்பகம் அதைக் கவனித்துவருகிறது. நீங்கள் அடுத்த முறை டிக்கெட் எடுப்பதற்கு எரிமலையைப் பற்றி யோசிக்க வேண்டாம், பனியைப் பற்றி யோசியுங்கள். ஏரியைச் சுற்றும் சாலை முழுவதும் திறக்கப் பெரும்பாலும் ஜூலை ஆகிவிடுகிறது. க்ளீட்வுட் பாதை சட்டப்படி நீரைத் தொடுவதற்கு உள்ள ஒரே வழி. திருத்தப் பணிக்காக அதை மூடிவைப்பதும் உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள். அழகாக இருக்கிறதே என்று நுரைக்கல் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளவும் அனுமதி இல்லை.

கடைசியாக அந்த மரக்கட்டை. வழிகாட்டி கதை விடவில்லை. ஏரிக்கிழவன் என்று பொருள்படும் பெயரால் அதை அழைக்கிறார்கள். ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் சுமார் 30 அடி நீளமுள்ள அடிமரம். 4 அடி போல நீருக்கு மேலே வெளுத்து நிற்கும், மிச்சம் உள்ளே. நம் டில்லரே 1896-இல் அதைப் பார்த்துக் குறித்திருக்கிறார். அடிப்பகுதி நீர் ஊறிக் கனத்துவிட்டது, உச்சி வெயிலில் காய்ந்து லேசாக இருக்கிறது, தண்ணீரின் குளிர் மரத்தை மக்கவிடாமல் வைத்திருக்கிறது. அதனால் நிமிர்ந்தே நிற்கிறது. ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. 1938-இல் பூங்கா இயற்கையாளர்கள் மூன்று மாதம் அதைப் பின்தொடர்ந்து குறித்தார்கள். காற்றில் தள்ளப்பட்டு ஏரிக்குள்ளேயே 100 கிலோமீட்டர் சுற்றியிருந்தது. 1988-இல் நீர்மூழ்கி ஆய்வு நடந்தபோது வழியில் மோதிவிடும் என்று அதைப் பிடித்து விசார்டு தீவின் பக்கம் கட்டிப்போட்டார்கள். அன்றே புயல் எழுந்தது என்றும், அவிழ்த்துவிட்ட பிறகுதான் வானம் தெளிந்தது என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.